டெல்பர்ட் தொடக் கூடாது

டெல்பர்ட் அதிகம் பேசுகிறவர் இல்லை. வடகோடிப் பனி ஊரான ஃபேர்பேங்க்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாய்லர் அறையில் இருபத்தாறு வருஷமாக வேலை. அங்கே பேச்சுத் துணைக்குக் குழாய்கள்தான். அப்படிப்பட்ட மனுஷர், வாயைத் திறக்கவே கூடாத ஒரு விஷயத்தில், அதுவும் ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம், வாயைத் திறந்துவிட்டார்.

"வண்டி நெறைய ஐஸ் பெட்டியா இருக்கே, மீனுக்குப் போறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. காப்பர் ஆத்துக்கு."

"எத்தனை புடிக்கணும்?"

"எண்பது."

போதாதா? எங்களில் ஆற்றுக்குப் போகிற எவனும் எண்ணிக்கை சொல்ல மாட்டான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவனைக் கேட்டால்கூட, "சும்மா, தண்ணி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வரலாம்னு" என்பான். மீன் தன் இஷ்டத்துக்கு வருவது. வராத விருந்தாளியை வந்ததாக எண்ணி இலை போடுவது மரியாதை இல்லை என்பது எங்கள் கணக்கு. யூக்கான் ஆற்றங்கரையில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே மீன் செதிலில் வழுக்கி விழுந்த டெல்பர்ட்டுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஒரு மாதமாக அவர் தலைக்குள் அந்த எண்பது உட்கார்ந்திருந்தது. கேட்டதும் வெளியே குதித்துவிட்டது.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை அவர் மனைவி லவர்னாவின் நினைவு விருந்து. இரண்டு ஆற்றுச் சனமும் வரும். இவர் பக்கம் யூக்கான்காரர்கள், அவள் பக்கம் காப்பர் ஆற்றுக்காரர்கள். மகள் ராக்சேன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, "எண்பது மீன் இல்லாம முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். யூக்கானில் சால்மன் பிடிக்கத் தடை வந்து சில வருஷம் ஆகிறது. டெல்பர்ட்டின் வலை கார் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. கடை மீனை வாங்கி வைக்கலாம்தான். வைத்தால் லவர்னா கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவாள், அதுவும் எல்லார் முன்னாலும்.

உயிரோடு இருந்தபோதே சும்மா விட்டதில்லை. "உங்க ஆத்தைப் பத்தி அவ்வளவு பீத்திக்கிட்டீங்களே, கடைசியில என் ஆறுதானே உங்களுக்குச் சோறு போடுது?" என்பாள். ஜூலை வந்தால் வண்டியைக் கிளப்பி, வழியெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டில் தேநீர் குடித்து, ஐநூறு கிலோமீட்டர் தாண்டித் தன் அக்கா எட்னாவின் மீன் வாரும் சக்கரத்துக்கு அவரைக் கூட்டிப் போவாள். போன ஜூலையிலும் போனார்கள். செப்டம்பரில் ஒரு நாள் தலைவலி என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் நாலே நாள். அந்த நாலு நாளும் டெல்பர்ட் செய்யக்கூடியதாக ஒரு வேலைகூட அங்கே இல்லை. பழுதான எதையும் திறந்து பார்த்துச் சரிசெய்கிற கை. அதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இந்த விருந்தையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இப்போது இருந்த ஒரே எண்ணம். அந்த ஆகஸ்டில் தனக்கு அறுபது முடிகிறது என்பதுகூட அவர் நினைப்பில் இல்லை.

எட்னா சொல்லியிருந்தாள்: "சனிக்கிழமை விடிஞ்சதுலேருந்து சக்கரம் உனக்கு, தம்பி. ஞாயித்துக்கிழமை வேற ஆள் கேட்டிருக்காங்க. வெள்ளி சாயங்காலமே வந்துரு."

வெள்ளி காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். ஏழு மணிக்கு டெல்ட்டா ஊரில் பெரியப்பா மகன் ஹோவர்ட் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். நிறுத்தாமல் போனால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள். பத்து நிமிஷம், ஒரு கோப்பைத் தேநீர், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

ஹோவர்ட் வண்டியைச் சுற்றி வந்து ஐஸ் பெட்டிகளைப் பார்த்தார்.

"என்னடா இது, மீனுக்கெல்லாம் சீட்டு ரிசர்வ் பண்ணிட்டியா?"

"சும்மா தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு, அண்ணே."

"பொய் சொல்லாத. பங்குல எண்பதுன்னு சொன்னியாமே. உனக்குப் பின்னாடி நின்னது எம் மருமகன் தம்பி. நீ வர்றதுக்குள்ள போன் வந்துருச்சு."

டெல்பர்ட்டுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"நாக்குல சனி" என்றார் ஹோவர்ட். "சரி, வா. எட்னாவுக்கு ஒரு ஃப்ரீசர் போகணும். நீ போற வழிதானே?"

வழிதான். அதுதான் பிரச்சினை. அந்த ஃப்ரீசர் பின்பக்கக் கொட்டகையில், பனிவண்டி உதிரிகளுக்கும் பழைய டயர்களுக்கும் அடியில், சவப்பெட்டி நீளத்துக்குக் கிடந்தது. டெல்பர்ட் ஒருவராகவே டயர்களை இழுத்துப் போட்டார். ஹோவர்டுக்கு இடுப்பு வலி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார்.

"நீயும் நானும் தூக்க முடியாதுடா. மருமகன் வேலை முடிஞ்சு வரட்டும்."

"எப்ப வருவாரு?"

"அஞ்சு மணிக்கு."

"அண்ணே, எனக்கு நாளைக்கு விடிஞ்சா சக்கரம்."

"அதுக்கென்ன, எட்னா சக்கரம்தானே. அவ ஃப்ரீசரைத் தூக்கிட்டுப் போற ஆளுக்கு அவ சக்கரம் நிக்கவா போகுது?"

டெல்பர்ட் எட்னாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அவள் ஆற்றங்கரையில் இருப்பாள். அங்கே சிக்னல் கிடையாது. வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகலாமா என்றால், சக்கரம் தருகிறவள் கேட்ட சாமானை விட்டுவிட்டுப் போய் எந்த முகத்தோடு சக்கரத்தடியில் நிற்பது? எதற்கு அவளுக்கு இப்போது ஃப்ரீசர் என்று கேட்டதற்கு ஹோவர்ட் உதட்டைப் பிதுக்கினார். "கேட்டா, குடுக்கறேன். காரணம் சொல்லல."

ஆக, ஒரு முழுப் பகல் டெல்ட்டாவில் போயிற்று. டெல்பர்ட் ஹோவர்டின் குழாய் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தார். மருமகன் ஆறு மணிக்கு வந்தான். மூன்று பேருமாக ஃப்ரீசரை வண்டியில் ஏற்றினார்கள். ஐஸ் பெட்டிகள் பாதிக்கு இடமில்லை. அவற்றை டிரைவர் பக்கத்து இருக்கையிலும் பின்னிருக்கையிலும் அடைத்துக்கொண்டு, தானும் ஒரு சாமான் போல ஒடுங்கி உட்கார்ந்து, டெல்பர்ட் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அந்த ஃப்ரீசரைத் திட்டிக்கொண்டே போனார். அதற்குக் காது இருந்திருந்தால் பாக்சன் ஊரைத் தாண்டும் முன் குதித்திருக்கும்.

ககோனாவில் சாலை ஓரத்தில் கையில் தொப்பியை ஆட்டிக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். லவர்னாவின் தாய்மாமன் வில்சன். எண்பத்திரண்டு வயது. காது கேட்காது. ஆனால் யார் எப்போது எந்த வளைவில் வருவார்கள் என்பது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். ஹோவர்ட் போன் செய்திருப்பார்.

"வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டுப் படுங்க. காலையில நானும் வர்றேன்."

"மாமா, நான் இப்பவே போனாத்தான்..."

"என்ன?"

"இப்பவே போகணும்."

"ஆமா, இப்பவே சாப்பிடுங்க. மூஸ் மான் சூப்பு சூடா இருக்கு."

அந்தச் சக்கரத்தை எட்னாவுக்குச் செய்து கொடுத்தவரே வில்சன்தான். அவரை வரவேண்டாம் என்று சொல்வது நடக்கிற காரியமா? டெல்பர்ட் சாப்பிட்டார், படுத்தார், நாலு மணிக்கே எழுந்து காலணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழவர் எட்டு மணிக்கு எழுந்தார். தாடியை மழித்தார். ஆற்றுக்கு இந்தச் சட்டையா என்று ஒன்றைக் கழற்றி வேறொன்று போட்டார். கண்ணாடியைத் தேடினார்கள். அது அவர் தலைமேலேயே இருந்தது. ஒரு ஐஸ் பெட்டியைக் கூரைக்கு மாற்றிக் கயிறு கட்டி, அவரை முன்னிருக்கையில் செருகியபோது ஒன்பதரை. டெல்பர்ட் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் தாடை எலும்பு அசைந்துகொண்டே இருந்தது.

எட்னாவின் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

மூன்று நாள் நல்ல வெயில். மலையில் பனி உருகி ஆறு சாம்பல் நிறமாக ஏறியிருந்தது. வேரோடு பிடுங்கிய மரங்கள் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. சக்கரம் கரையில் சாய்ந்து கிடந்தது. சக்கரம் என்றால், தண்ணீர் தள்ளத் தள்ளத் தானாகச் சுற்றும். இரண்டு பக்கமும் பெரிய கூடை. கூடை மீனை வாரிக்கொண்டு மேலே வரும், மீன் சரிந்து பக்கத்துப் பெட்டியில் விழும். இப்போது கூடை ஒன்றுதான் இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் இரண்டு முறிந்த கட்டைகள்.

எட்னா கரையில் நின்றுகொண்டிருந்தாள். லவர்னாவைவிட ஏழு வயது மூத்தவள், அதே நெற்றி.

"பத்து மணிக்கு மரம் வந்து அடிச்சுது, தம்பி. உம் பேரைச் சொல்லி விடியக்காலையிலேயே சுத்த விட்டேன். எட்டு மணிக்கு வந்து பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. நீ வந்து அள்ளிக்குவேன்னு வீட்டுக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள பெட்டியோட போயிருச்சு."

"பெட்டியில இருந்துச்சா?"

"பாதிப் பெட்டி இருந்துச்சு."

"எத்தனை இருக்கும்?"

எட்னா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எண்ணல" என்றாள்.

அந்தப் பதிலுக்குள் பெட்ரோல் பங்க் செய்தி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது. டெல்பர்ட் தண்ணீர் ஓரம்வரை போய் நின்றார். கூடையின் மரச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆணி, கம்பி, நாலு பலகை, இரண்டு ஆள், மூன்று நாள் இருந்தால் சரிசெய்துவிடுவார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும். கைவலை போடலாமா என்று எட்னாவைக் கேட்டார். இந்தத் தண்ணியிலயா, ஒரு நினைவு விருந்து போதும் என்றாள் அவள். கரையோரம் வேறு சக்கரங்கள் சுற்றும் இடங்களில் கேட்கலாம். ஆனால் எல்லாரும் சக்கரத்தை மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். யாரிடம் போய் எதைக் கேட்பது?

"நேத்தே வந்திருந்தா" என்றார் டெல்பர்ட், யாரிடமும் இல்லாமல்.

"என்ன?" என்றார் வில்சன்.

"ஒண்ணுமில்ல மாமா."

ஒரு ஃப்ரீசருக்காக ஒரு பகல், ஒரு தாடிக்காக ஒரு காலை. எதிலாவது ஒன்றில் "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் இடம் எது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் பாட்டுக்கு அன்பாகத்தான் இருந்தார்கள். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, அதைக் காட்ட ஒரு ஆள்கூட இல்லை.

"வண்டியில ஃப்ரீசர் இருக்கு, மதினி" என்றார். "எங்க எறக்கணும்?"

எட்னாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "வீட்டுக்கு வா" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அவளுடைய பழைய ஃப்ரீசர், உறுமுவதும் நிற்பதுமாகத் திணறிக்கொண்டிருந்தது. மேலே கம்பளிகள் போர்த்தியிருந்தன. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து, கொண்டுவந்ததை இறக்கிப் பக்கத்தில் வைத்து இணைப்புக் கொடுத்தார்கள். டெல்பர்ட் காதை வைத்துக் கேட்டார். மோட்டார் நன்றாக ஓடியது. அவ்வளவு திட்டியும் ஓடுகிறதே என்று இருந்தது அவருக்கு.

"உள்ளே இருக்கறதை மாத்தணும்" என்றாள் எட்னா. ஆனால் அவள் மூடியைத் திறக்கவில்லை. கம்பளியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கடைசியில் டெல்பர்ட்தான் திறந்தார்.

மேலே மூஸ் கறி. அதற்குக் கீழே ஐஸ் மூட்டைகள். காசு கொடுத்து வாங்கியவை. ஃப்ரீசருக்குள் எதற்கு வாங்கின ஐஸ் என்று நினைத்துக்கொண்டே அவற்றைத் தூக்கினார். அதற்குக் கீழே, அடிவரை, வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில், வலது பக்கம் சாயும் எழுத்தில், ஒரே வரி.

டெல்பர்ட் 60. டெல்பர்ட் தொடக் கூடாது.

அந்தச் சாய்ந்த எழுத்தை அவருக்கு முப்பத்துநாலு வருஷமாகத் தெரியும். கடைச் சாமான் சீட்டில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மதியச் சாப்பாட்டு டப்பா மூடியில். அவர் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"போன ஜூலையில நீ அந்த மரத்தடியில குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தியே, அன்னிக்கு லவர்னா வெட்டினது" என்றாள் எட்னா. அவள் அவரைப் பார்க்காமல் ஐஸ் மூட்டையைப் பார்த்துப் பேசினாள். "அடுத்த ஆகஸ்ட்ல அவருக்கு அறுபது, ரெண்டு ஆத்து ஆளுங்களையும் கூப்பிட்டுச் சோறு போடப் போறேன், சொல்லிராதன்னா. அடுத்த வருஷம் பிடிச்சுக்கலாமேடின்னேன். அடுத்த வருஷ மீனை யாரு கண்டா, வந்ததை எடுத்து வெச்சுக்குவோம்னா. வீட்டுல வெச்சா அக்டோபருக்குள்ள தின்னு தீத்துருவார், உங்கிட்டயே இருக்கட்டும்னா."

"சொல்லியிருக்கலாம்ல, மதினி."

"எப்படிச் சொல்றது? குளிர்காலம் முழுக்க இந்த மூடியத் திறக்க முடியல என்னால. திறந்தா அவ உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கா. ஜூன்ல மோட்டார் இழுக்க ஆரம்பிச்சப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. தங்கச்சி கடைசியா வெட்டினது இது. கெட்டுப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அதான் ஹோவர்ட்கிட்ட கேட்டேன். அது உன் தலையில வந்து விடியும்னு எனக்கென்ன தெரியும்?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"விருந்துக்கு இதை எடுத்துட்டுப் போ" என்றாள் எட்னா. "வேற மீன் ஏது?"

வேறு மீன் இல்லைதான். டெல்பர்ட்டுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தன் அறுபதுக்கு என்று அவள் எடுத்து வைத்ததை அவளுடைய நினைவு விருந்தில் வைக்க வேண்டும். கையை நீட்டினார். பொட்டலத்துக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது.

"தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கா" என்றார்.

"என்ன?" என்றார் வில்சன்.

கிழவர் எட்னாவின் தோளைத் தட்டினார். "என்ன சொல்றாரு மாப்பிள்ளை? என்ன எழுதியிருக்கு?"

எட்னா அவர் காதருகே குனிந்து, கொட்டகையே அதிரும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது: "டெல்பர்ட் தொடக் கூடாதாம், மாமா. லவர்னா எழுதியிருக்கா."

வில்சன் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டு, குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப நீங்க தொடாதீங்க, மாப்பிள்ளை. நாங்க எடுக்கறோம்" என்றார்.

அப்படியே செய்தார்கள். எட்னாவும் கிழவரும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாக ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து ஐஸ் பெட்டிகளில் அடுக்கினார்கள். யாரும் எண்ணவில்லை. கடைசிப் பொட்டலம் வெளியே வருகிறவரை டெல்பர்ட் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை விறைத்துப்போய், மாற்றிக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோதும் விடவில்லை. ஃப்ரீசர் மூடி பிடிக்கிற வேலை ஒன்றாவது மிச்சம் இருந்ததே.

ஞாயிறு மத்தியானம் திரும்பினார். ககோனாவில் மாமனை இறக்கிவிட்டுச் சூப்புக் குடித்தார். டெல்ட்டாவில் ஹோவர்ட் வீட்டில் நிறுத்தித் தேநீர் குடித்தார். ஹோவர்டுக்குப் போன் வந்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல், கயிற்று முடிச்சுகளை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஃபேர்பேங்க்ஸ் எல்லையில் பெட்ரோல் போட நின்றபோது கல்லாவில் அதே பெண்.

"அட, நீங்களா? வண்டி அமுங்கிப் போயிருக்கே. எண்பதும் கிடைச்சுதா?"

"எண்ணல."

"எல்லாம் நீங்களே புடிச்சீங்களா?"

"இல்ல. என் வீட்டுக்காரி புடிச்சது. வெட்டிச் சுத்தினதும் அவதான்."

"கொடுத்து வெச்சவர் நீங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண். மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்தாள். "அவங்களை நான் கேட்டேன்னு சொல்லுங்க."

டெல்பர்ட் சில்லறையைப் பைக்குள் போட்டார்.

"சொல்றேன்" என்றார்.

வண்டியை எடுத்தவர் சாலைக்கு ஏறவில்லை. டயருக்குக் காற்றடிக்கிற மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். கண் தெரியவில்லை அவருக்கு. பின்னால் காற்றடிக்க வந்த ஒருவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.